அம்மாவின் திவசத்தை நான் கொடுக்கிறேன், நீ புறப்படு

அன்புத் தங்கச்சிக்கு,

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னமும் என் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. "வருஷத் திவசம் முடியட்டும் அண்ணா, அதற்குப் பிறகு கனடா போவதா வேண்டாமா என்று பார்ப்போம். எப்படியும் அங்கே என் உரிமை போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்றாய். அன்றைக்கு வீடு இருந்த நிலையில் எதையும் பேச எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் இதே கவலையோடு பத்திரங்களை மொழிபெயர்க்க என்னிடம் வருபவர்கள் பலர் இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் நிரந்தர வதிவிட உரிமை போய்விடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து நீ நான்கு வருடங்கள் கனடாவுக்கு வெளியே இருந்தாய் என்பதற்காக அது தானாக அற்றுப்போவதில்லை. பி.ஆர். அட்டை என்கிற நிரந்தர வதிவாளர் அட்டை காலாவதியானாலும் உரிமை காலாவதியாவதில்லை. அட்டை அந்த உரிமைக்கான அத்தாட்சி மட்டுமே. ஓர் அதிகாரி உன்னை விசாரித்து, நீ வதிவிடக் கடப்பாட்டை நிறைவேற்றவில்லை என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கு எதிரான மேன்முறையீட்டுக் காலமும் கடந்து அது இறுதியாகும் வரைக்கும் நீ கனடாவின் நிரந்தர வதிவாளர்தான். நகரத்தில் ஒருவர், "எல்லாம் முடிந்துவிட்டது, உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விசிட் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்" என்று உன்னிடம் பணமும் கேட்டாரே, அந்தப் படிவம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அது விரும்பிக் கைவிடுபவர்களுக்கானது. அதில் நீ கையெழுத்திட்டு அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், அதற்குப் பிறகு உனக்காக வாதாட ஒன்றுமே இருக்காது. இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை, அந்தப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

இனிக் கணக்கைச் சொல்கிறேன். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒவ்வோர் 5 ஆண்டுக் காலத்திலும் 730 நாட்களாவது அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. கனடாப் பிரஜையான கணவரோடு சேர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த நாட்களும் சேரும். ஆனால் மாப்பிள்ளையால் வேலையை விட்டுவிட்டு இங்கு வந்து இருக்க முடியவில்லை என்பதால் அந்த வழி உனக்கு இல்லை. நீ 2016இல் போய்ச் சேர்ந்தவள், முதல் 5 ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. ஆகவே, அதிகாரி உன்னைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 ஆண்டுகளையே எண்ணுவார்கள். நீ அம்மாவுக்காக டொரொன்டோவின் ஸ்காபரோவை விட்டுப் புறப்பட்டது 2022 மார்ச் 10. வருகிற ஏப்ரல் 20ஆம் திகதி நீ டொரொன்டோவில் இறங்கினால், எண்ணப்படும் காலம் 2021 ஏப்ரல் 20இல் தொடங்கும். அதில் நீ அங்கே இருந்த நாட்கள் 324. அது போதாது, பாதிக்கும் குறைவுதான். ஆனால் நீ சொல்வது போலத் திவசம் முடித்து 2027 பெப்ரவரி 10ஆம் திகதி போய் இறங்கினால் உன் கையில் இருக்கப்போவது 28 நாட்கள். நீ இங்கே கழிக்கும் ஒவ்வொரு நாளும், முன்பு அங்கே வாழ்ந்த ஒரு நாளைத் தின்றுகொண்டிருக்கிறது. இதையெல்லாம் விட, வருகிற ஓகஸ்ட் மாதத்தோடு உன் அட்டையும் முடிகிறது. செல்லுபடியாகும் அட்டை இருக்கும்வரை நீ நேரே விமானம் ஏறலாம். அது முடிந்துவிட்டால் விமான நிறுவனம் உன்னை ஏற்றாது. இங்கிருந்தபடியே நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்போது உன் நான்கு வருடக் கதையை முகம் தெரியாத ஓர் அதிகாரி காகிதத்தில் மட்டுமே படித்துத் தீர்மானிப்பார். நேரில் போய், மகன் வெளியே காத்திருக்க, வாய் திறந்து சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

324 நாட்களை வைத்துக்கொண்டு போய் என்ன பயன் என்று நீ கேட்பாய். அதே 28ஆம் பிரிவில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. நாட்கள் குறைந்திருந்தாலும், மனிதாபிமான, கருணைக் காரணங்கள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றனவா என்று அதிகாரி பார்க்க வேண்டும், அப்படிப் பார்க்கும்போது நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலனையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. நான் அந்த வரியை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன், தங்கச்சி. படிக்கும்போதெல்லாம் தாத்தாவைத்தான் நினைத்தேன்.

உனக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களை நாடற்றவர்களாக ஆக்கிய பிறகு, 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை தருவதாகச் சொன்னார்கள். திருமணமானவர்கள் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய 7 வருடங்களும், அதன் பின் விண்ணப்பிக்கும் நாள் வரைக்கும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போய் வந்திருக்கலாம், ஆனால் ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேல் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். தாத்தாவின் தாய் திருச்சிப் பக்கத்து ஊரில் படுக்கையில் கிடந்தபோது, தாத்தா 1946 கடைசியில் தலைமன்னார் வழியாகப் போனார். கிழவி சாக நாளெடுத்தது. காரியம் முடித்துத் திரும்பி வர 14 மாதங்கள் ஆகிவிட்டன. விண்ணப்ப விசாரணையில் எத்தனை மாதம் என்று கேட்டார்கள். ஏன் என்று கேட்டதாகத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அந்த 2 மாதங்களுக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்த அந்தக் காலத்தில், ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. தாத்தா நாடற்றவராகவே செத்தார். அப்பாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் பிரஜாவுரிமை வந்தது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் அங்கே அனுப்பப்பட்ட பெரியப்பா குடும்பத்தை நாம் பிறகு பார்க்கவே இல்லை.

தாத்தா போனதும் தாய்க்காக, நீ வந்ததும் தாய்க்காக. உன்னிடம் "ஏன்" என்று கேட்கும்படி ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகாமலே நீ இங்கு உட்கார்ந்துவிட்டால், அதை என்னால் தாங்க முடியாது.

ஏன் வந்தாய் என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஏன் அவ்வளவு காலம் தங்கினாய், காரணம் தீர்ந்தவுடன் முதல் சந்தர்ப்பத்திலேயே திரும்பி வர முயன்றாயா, அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், உரிமை போனால் யாருக்கு என்ன கஷ்டம் என்றெல்லாம் பார்ப்பார்கள். அம்மா கண் மூடியது இந்த ஜனவரியில். ஏப்ரலில் நீ போய் நின்றால், கடமை முடிந்தது, வந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஒரு வருடம் கழித்துப் போனால் அந்த ஒரு வருடத்துக்குத் திவசத்தைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். நமக்கு அது பெரிய காரியம். ஆனால் அம்மாவை நீ தூக்கி உட்காரவைத்த அந்த நான்கு வருடங்களின் பலத்தை, இந்த ஒரு வருடம் குறைத்துவிடும் என்று நான் பயப்படுகிறேன்.

சாட்சிகள் உன்னிடமே இருக்கின்றன, நீ அவற்றின் பெறுமதியை அறியவில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியைப் போன கிழமை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் திகதியும் பிரஷர் அளவும் மருந்தின் பெயரும் வைத்தியரின் கிறுக்கலுமாக நான்கு வருடங்கள் அதில் இருக்கின்றன. அட்டை பிய்ந்து, நீ பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாய். அதோடு நீ எழுதி வைத்த சீ.ஆர். கொப்பி ஒன்றும் இருந்தது. காலை 5 மணிக்குக் கஞ்சி, 6 மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தது, முதுகுப் புண்ணுக்கு மருந்து, இரவு 2 மணிக்கு மறுபடி புரட்டியது என்று ஒவ்வொரு நாளும். 2022 ஜூன் மாதத்துப் பக்கத்தில் "மருந்து இல்லை, பாமசி மூன்றிலும் இல்லை, அண்ணன் பெற்றோல் வரிசையில்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. அதைக் கழுவாதே, கிழிக்காதே, அழகாக வேறொரு கொப்பியில் எழுதுகிறேன் என்றும் தொடங்காதே. கொப்பி இருக்கிறபடியே போக வேண்டும், நான் மொழிபெயர்ப்பை மட்டும் இணைத்துத் தருகிறேன். அண்ணன் செய்த மொழிபெயர்ப்பு என்று யாரும் குறை சொல்லாதபடி, வேறொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கையெழுத்து வாங்குகிறேன். அம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் ஒருவிதமாகவும், மரணப் பத்திரத்தில் இன்னொருவிதமாகவும் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களின் பத்திரங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. மூன்றும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.

இன்னொரு சத்தியக் கடதாசியும் இருக்கிறது. அதை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் எடுத்தது. "உங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறாரே, அவர் ஏன் தாயைப் பார்க்கவில்லை?" என்று அதிகாரி கேட்பார். அது நியாயமான கேள்வி. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்த அம்மா, என்னைத் தன்னைக் குளிப்பாட்ட விடவில்லை. உன் அண்ணி நோர்வுட்டில் படிப்பிக்கிறாள், அவளுடைய சம்பளம் இல்லாமல் அந்த வருடங்களை நாங்கள் கடந்திருக்க முடியாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன அந்த இரண்டு மாதங்களில், சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்று போட்ட கணக்கும் உடைந்துபோனது. இவையெல்லாம் உண்மை. இவற்றை எழுதிவிட்டு, கடைசியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறேன்: "என் தங்கை இரண்டு மாதத்துக்காக வந்தாள். போகாதே என்று அவளைக் கேட்டுக்கொண்டவன் நான்." நீ ஒருவரிடமும் இதைச் சொல்லாமல் காத்தாய். இனிக் காக்க வேண்டாம்.

அங்கே இறங்கியதும் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். நீ நிரந்தர வதிவாளர் என்று தெரிந்தால் உன்னை உள்ளே விட வேண்டும், அது சட்டம் தந்த உரிமை. அதிகாரி ஒன்றும் கேட்காமலே விடலாம். கேட்டு, காரணத்தை ஏற்றுக்கொண்டும் விடலாம். ஏற்காவிட்டால் ஓர் அறிக்கை எழுதப்பட்டு, வெளியேறும்படி ஒரு கட்டளை கையில் தரப்படலாம். அப்போது அழுதுகொண்டு திரும்பி வந்துவிடாதே. அந்தக் கட்டளை உடனே நடைமுறைக்கு வராது. 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மேன்முறையீடு செய்துவிட்டால், அது முடியும்வரை நீ மகனோடு வீட்டில் இருக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் அறிக்கை எழுதிய பிறகு வாழும் நாட்கள் 730இல் சேரா என்பதையும் தெரிந்துகொள். அறிக்கை இல்லாமல் உள்ளே போய்விட்டால், 730 நாட்கள் நிறையும்வரை எங்கும் பயணம் போகாதே, புது அட்டைக்கும் அவசரப்பட்டு விண்ணப்பிக்காதே. பிறகு 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் நிறைந்தவுடன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிடு. முன்னம் ஆறு வருடங்கள் அங்கே இருந்தும் பரீட்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டாய், அது ஒன்றுதான் உன்மேல் எனக்குள்ள கோபம்.

கேட்கும் எந்தக் கேள்விக்கும் பொய் சொல்லாதே. கடவுச்சீட்டு தொலைந்தது, இடையில் வந்து போனேன் என்றெல்லாம் சொல்லச் சொல்லுவார்கள். தவறான தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால், அதற்காகவே உரிமை பறிபோய், 5 ஆண்டுகள் உள்ளே போக முடியாமலும் ஆகலாம். நாட்கள் குறைந்ததற்கு மன்னிப்பு உண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அகதியாக ஏற்கப்பட்டு அதன் மூலம் வதிவிடம் பெற்றவர்களின் நிலைமை வேறு. 2012 கடைசியிலிருந்து, அவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து இங்கு வந்து தங்கினால் அகதிப் பாதுகாப்போடு வதிவிட உரிமையும் பறிபோகக்கூடும். அப்படிப்பட்டவர்கள் என் தங்கையின் கணக்கைப் பின்பற்றாமல், அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் பேச வேண்டும். நீ கணவரின் ஸ்பொன்சரில் போனவள், உனக்கு அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் நீயும் புறப்படுமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசு. மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

மகனைப் பற்றி எழுதினால் நீ அழுவாய் என்று தெரியும். முதலாம் வகுப்புக்கு அவனைத் தகப்பனோடு அனுப்பிவிட்டு, கட்டுநாயக்காவிலிருந்து அட்டன் வரும்வரை வேனில் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுடைய ஆசிரியையிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கும்படியும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். நீ நினைப்பது போல அது இரக்கம் தேடுவதல்ல. பிள்ளையின் நலனைப் பார்க்கச் சொல்வது அவர்களுடைய சட்டமே.

அம்மாவின் திவசத்தை நான் கொடுக்கிறேன். தேயிலை ஓரத்துக் குழிமேட்டில் நீ நட்ட செவ்வந்திக்கு உன் அண்ணி தண்ணீர் ஊற்றுவாள். கடந்த நவம்பர் டித்வா புயல் மழையில் தோட்டத்தின் மேல் கணக்கில் மண் சரிந்த இரவில், அம்மாவைக் கதிரையோடு தூக்கிக் கொண்டுபோய்க் கோவிலில் வைத்தவள் நீ. திவசச் சோற்றில் ஒரு கவளம் குறைந்தால் அம்மா உன்னைக் கோபிக்க மாட்டாள்.

சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் வியாழக்கிழமை காலை 9 மணிக்குத் தன் வீட்டில் இருப்பார். இரண்டு கொப்பிகளும், மரணப் பத்திரமும், வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டுகளும், 2016இல் கனடாவில் இறங்கியபோது தந்த நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரமும், பழைய கடவுச்சீட்டும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. மழைக்குப் பை நனையாமல் பொலித்தீனில் சுற்று. நான் பஸ் நிலையத்தில் நிற்பேன்.

உன் அண்ணன்,
அட்டன்.