தானியங்கி நிதி ஆலோசனை: ஆய்வுகள் பெருகினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தானியங்கி நிதி ஆலோசனை குறித்த ஆய்வுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருவதை வரவேற்றுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆய்வுகள் எதைக் கேட்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் என் ஆதங்கம்.

2008 நிதி நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெட்டர்மென்ட், வெல்த்ஃபிரன்ட் போன்ற நிறுவனங்கள் பரப்பிய சேவை இது. வயது, வருமானம், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கணினி நிரலே பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போடும். அபாயத்தையும் லாபத்தையும் எடைபோட்டுப் பிரிக்கும் அந்த அடிப்படைக் கணக்கு பெரும்பாலும் பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952-இல் வெளியிட்டதுதான். இந்தச் சேவையின் பேச்சைக் கேட்டு நடக்கும் மனிதர்களைப் பற்றித்தான் இன்னும் தெரிய வேண்டியிருக்கிறது.

வெளிவரும் கட்டுரைகளில் கணிசமானவை வினாத்தாள் ஆய்வுகள். ‘இந்தச் சேவையைப் பயன்படுத்த விரும்புகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு எதிரே 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். வட்டமிடுபவர் பல சமயம் இதுவரை ஒரு பங்குகூட வாங்கியிராத கல்லூரி மாணவர். நாளை சந்தை சரியும்போது அவர் என்ன செய்வார் என்பதை அந்த எண் சொல்லாது.

உண்மையான கணக்குகளைப் பார்த்தால் கிடைப்பதே வேறு. பிரான்செஸ்கோ டகுன்டோ, நாக்பூர்ணானந்த் பிரபாலா, ஆல்பர்ட்டோ ரோசி மூவரும் ஓர் இந்தியத் தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒருசில பங்குகளையே நம்பியிருந்தவர்களுக்கு அந்நிறுவனத்தின் தானியங்கி ஆலோசனைக் கருவி நன்மை செய்தது. முதலீடு பரவலானது, ஏற்ற இறக்கம் குறைந்தது. ஏற்கெனவே பல பங்குகளில் பிரித்து வைத்திருந்தவர்களோ அதிகம் வாங்கி விற்றார்கள், ஆனால் லாபம் அதற்கேற்பக் கூடவில்லை. ஒரே கருவி, இரு வேறு விளைவு! எந்த வினாத்தாளில் இது வெளிப்பட்டிருக்கும்?

2022-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷ்வாப் என்ற நிதிக் குழுமத்தின் நிறுவனங்கள் 18.7 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். தங்கள் தானியங்கி ஆலோசனைச் சேவையில் வாடிக்கையாளர் பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவே ஒதுக்கிவைத்ததால் வருமானம் குறையக்கூடும் என்பதைச் சரிவரச் சொல்லவில்லை என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கணக்கேடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளருக்கு அது இல்லை. நிறுவனம் மனமிரங்கிக் கொடுப்பதுதான் அவருக்குத் தரவு.

இதை மாற்ற முடியும். இச்சேவைக்கு உரிமம் தரும்போதே ஒழுங்குமுறை அமைப்புகள் ஒரு நிபந்தனை விதிக்கட்டும்: என்ன பரிந்துரைக்கப்பட்டது, வாடிக்கையாளர் எதை ஏற்றார், எவ்வளவு கட்டணம் பிடிக்கப்பட்டது, கொரோனா பரவலின்போது 2020 மார்ச்சில் நேர்ந்தது போன்ற சந்தைச் சரிவில் யார் வெளியேறினார் என்ற விவரங்களை ஆய்வுக்குத் தர வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பரிவர்த்தனைகளை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அதனால்தான் பல நாடுகளின் புள்ளியியல் துறைகள் இத்தகைய தரவைத் தங்கள் கண்காணிப்பில் உள்ள பாதுகாப்பான கணினிகளில் மட்டும் பார்க்க விடுகின்றன. அதே ஏற்பாடு இங்கும் பொருந்தும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, தரவு யாருடையது, செலவை ஏற்றவர் யார் என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்