தூர்ந்த வாய்க்கால்கள்

ஆசிரியருக்கு,

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளில் கன்று நடுவது குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். கன்று நட்ட கணக்கு மட்டும் போதாது. சிதம்பரம் அருகே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளைகளுமாக மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினர். ஓதநீர் (கடலின் ஏற்ற இறக்க நீர்) அதன் வழியே ஏறி இறங்கியதால் பள்ளங்களில் தேங்கிய உப்பு குறைந்தது, கன்றுகள் பிழைத்தன. அந்த வாய்க்கால்தான் காட்டின் உயிர்நாடி.

எங்கள் கடலோர ஊரில் கிராம வனக் குழுவினர் வெட்டிய கிளை வாய்க்கால் ஒன்று இன்று முழங்காலளவு சேற்றில் தூர்ந்து கிடக்கிறது. கரையிலுள்ள கன்றுகள் நுனியிலிருந்து காய்கின்றன. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. திட்டக் காலம் முடிந்ததும் பணம் நின்றதே காரணம். எந்த வாய்க்காலின் முகப்பு அடைபட்டது என்பதை, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரும் மீனவர்களுமே முதலில் அறிவார்கள். தூர்வாரும் தொகையை ஆண்டுதோறும் கிராம வனக் குழுவின் கணக்கிலேயே அரசு செலுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், சிதம்பரம் வட்டம்