செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடத்து வேலிக் கதை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, முதியோர் ஒன்றுகூடல் மூன்றும் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல நினைப்பது, ஞாயிறு ஆலோசனை நேரத்தில் திரும்பத் திரும்ப வந்த வீட்டு வேலிப் பிரச்சினையைப் பற்றி.

ஊரில் வேலிக்கு நட்ட கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். இங்கே லண்டனில் சண்டை பெரும்பாலும் உயரத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில், தனி அனுமதி எடுக்காமலே எதெதைக் கட்டலாம் என்று சொல்லும் 2015ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஆணைப்படி, வாகனம் ஓடும் வீதியை ஒட்டிய வேலியும் மதிலும் 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் 2 மீட்டர். அதைத் தாண்டினால் கவுன்சிலில் அனுமதி எடுக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து அளப்பது, எது 'வீதியை ஒட்டியது' என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

மூலை வீட்டில் இருக்கும் ஓர் அக்கா, சின்னப் பிள்ளைகளுக்காகப் பின்வளவைச் சுற்றி ஆறடிப் பலகை வேலி போட்டார். "ஆறடி வரைக்கும் ஒருத்தரும் கேட்கமாட்டினம்" என்று வேலை செய்தவர் சொன்னாராம். சில வாரங்களில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பின்வளவுதான், ஆனால் அதன் ஒரு பக்கம் வீதி. நாங்கள் அளவு நாடாவோடு போனோம். வேலிக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு முழ அகலத்தில் ரோசாப் பாத்தி. "வீதியைத் தொடவில்லையே தம்பி?" என்று கேட்டார். தொட வேண்டும் என்று ஆணை சொல்லவில்லை. இத்தனை அடி தள்ளினால் போதும் என்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நடைபாதையும் வீதியின் பகுதியே என்பதால், இந்தச் சின்னப் பாத்தியை நம்பி வாதாடுவது புத்தியில்லை என்று சொன்னோம். வேலியை உள்ளே தள்ளி, முன்னால் செடி வைத்து, அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

அளவிலும் ஒரு சிக்கல். ஆறடிப் பலகை 1.83 மீட்டர். அடியில் 15 சென்டிமீட்டர் கொங்கிறீட் பலகை வைத்தால் 1.98. அதற்கு மேல் கொடி படர ஒரு சட்டகம் பூட்டினால் 2 மீட்டர் தாண்டிவிடும், சட்டகமும் கணக்கில் சேரும். நிலம் சரிவாக இருந்தால், வேலியை ஒட்டிய நிலத்தில் உயர்ந்த இடத்திலிருந்து இயற்கை மட்டத்தில் அளக்க வேண்டும். மண் கொட்டி உயர்த்திய இடம் அதில் சேராது.

முன்பே உயரமாக இருந்த மதிலைப் பராமரிக்கலாம், திருத்தலாம். பழைய உயரத்தைத் தாண்டாதவரை பிழையில்லை. ஆகவே திருத்தத் தொடங்கமுன் படம் எடுத்து வையுங்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றாலோ, வீட்டின் அனுமதிப் பத்திரத்தில் வேலி கட்டக்கூடாதென்ற நிபந்தனை இருந்தாலோ இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. அனுமதியில்லாமல் கட்டிவிட்டு, "நாலு வருஷம் தப்பினால் சரி, பிறகு கவுன்சில் ஒன்றும் செய்ய ஏலாது" என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கப்படும் வேலைகளுக்கு அந்தக் காலம் பத்து வருடம்.

கட்டுவதற்கு முன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்த முறைப்பாடுகளில் எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தவை, அந்த ஒரு வார்த்தை சொல்லாததால் வந்தவை. ஊரில் வேலி இருந்தாலும் அதில் புகுந்து போக இடைவெளியாகப் பொட்டு ஒன்று இருந்தது, அதற்குள்ளால் கறிச்சட்டி போய்வந்தது.

அளவு நாடாவும் விண்ணப்பப் படிவ மாதிரியும் சங்க அலுமாரியில் இருக்கின்றன. ஞாயிறு நேரத்தில் உதவ இன்னும் இருவர் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்