கத்தி வைக்காமல் எடை குறையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை கோவையில் பெருகிவருவது குறித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். சிலருக்கு அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அறுவை இன்றி முப்பது கிலோ குறைக்கவே முடியாது என்ற எண்ணம் பரவிவிடக் கூடாது. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், உணவுக் கட்டுப்பாட்டால் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்த சர்க்கரை நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் மாத்திரையின்றியே சர்க்கரை சீரானது. அவர்களைத் தொடர்ந்து கவனிக்க அங்கே ஆள் இருந்தது என்பதே முக்கியம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லரான என் தம்பி 118 கிலோவிலிருந்து 84-க்கு வந்தார். நைட் ஷிப்ட் முடிந்து தின்ற பேக்கரி பப்ஸும் தேங்காய் பன்னும் போய், ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் வந்தன. மருத்துவமனை கொடுத்த தாளிலோ ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும்தான்! சாப்பாடு குறையும்போது சர்க்கரை மாத்திரையையும் மருத்துவர் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மெஷின் முன்பே மயங்கிச் சரிந்தார். 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் மாதந்தோறும் குறித்து, மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாள், ஷிப்ட் விடும் நேரத்தில், உணவு ஆலோசகர் ஒருவரை அரசு அமர்த்த வேண்டும்.

- வாசகர், பல்லடம்