நாலாம் நாள் வந்த வலிப்பு

மன்னார்குடி,
மாசி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எங்கள் நாய் மணி படுத்துவிட்டான், அதனால்தான் பதில் போடவில்லை.

சம்பா அறுப்பு முடிந்து மாட்டுக்கொட்டகை ஓரமாக வைக்கோல் போர் போட்டிருந்தோம். கொசுவுக்குப் போட்ட மூட்டத்திலிருந்து பொறி பறந்து போர் பற்றிக்கொண்டது. மாடுகளை அவிழ்த்துவிட்டோம். கொட்டகை மூலையில் மணியைக் கட்டியிருந்தது நினைவுக்கு வரக் கால்மணி நேரம் ஆனது. இப்போதும் அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு முடிகூடக் கருகவில்லை. தள்ளாடினான், வாந்தி எடுத்தான், அவ்வளவுதான். ஈறு நல்ல சிவப்பாக இருந்தது, ரத்த ஓட்டத்துக்குக் குறையில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் சோறு தின்றான், தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான். சரி, தப்பித்தான் என்று இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் திண்ணைத் தூணில் போய் முட்டினான். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தான், கூப்பிட்டால் திரும்பவில்லை. மத்தியானம் வலிப்பு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேனில் தூக்கிப்போட்டு ஓடினோம்.

கனிந்து எரியும் வைக்கோல் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கும் என்றார் டாக்டர். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். ரத்தம் ஓடும், மூளைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஈறுச் சிவப்பே அந்த விஷத்தின் வேலையாக இருக்கலாம். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, அந்தக் கருவியும் இதில் ஏமாந்து ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகவே காட்டும். நைலான், ஸ்பான்ஜ் மெத்தை எரிந்த புகை என்றால் சயனைடும் சேர்ந்துகொள்ளும்.

நாய் தேறிவிட்டதுபோல் தெரியும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் சில சமயம் மூளை நரம்புகளின் மேலுறை உள்ளுக்குள்ளே சிதையத் தொடங்குகிறதாம். முதல் நாளே ஆக்சிஜன் வைத்திருந்தால் விஷம் சீக்கிரம் வெளியேறியிருக்கும். டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

இப்போது நேராக நடக்கிறான். வலிப்பு மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுக்கிறேன். காது இன்னும் கேட்கவில்லை, தரையில் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான். சிலதுக்குக் காது திரும்பிவிடும் என்கிறார்கள், பார்ப்போம்.

நீயும் கறுப்பியைக் கொட்டகையில்தானே கட்டுகிறாய்? இன்றைக்கே வாசலுக்கு மாற்று. அப்புறம், பங்குனியில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு வருகிறாயா? எழுது.

உன்,
ராசு