குகை மெட்டைத் திரும்ப வைத்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

நேற்று இரவு பதினொன்றரைக்கு, நம் குழுவின் வீடியோ கேமில் குகைக் கட்டத்துக்கு நீங்கள் போட்ட மெட்டைத் திரும்ப வைத்துவிட்டேன். என்னுடையதை எடுத்துவிட்டேன். மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட் செய்தியில் "பழைய குகை இசை" என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதியிருந்தாலும் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

முதல் பதிப்பு வெளியாகி இன்றோடு மூன்று வருடம். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்றால் நம்பமாட்டீர்கள். சரி, நம்ப வேண்டாம். உங்கள் மின்னஞ்சலுக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் பாதிக்கு மேல் போனால் வழக்கறிஞர் மாதிரி வாதாட ஆரம்பித்துவிடுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதினால் கொஞ்சம் அடக்கமாக இருப்பேன் என்று தோன்றியது.

அந்த வாரம் குழுவில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தவர்கள், அவரவருக்கு அவரவர் நினைவு. என் பங்கை மட்டும் சொல்கிறேன். அதற்கும் முன்னால் அந்த ராத்திரி வந்து நிற்கிறது, அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அழைப்பில் இருந்தோம். உங்கள் பக்கம் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "கண்ணை மூடிக்கோ. மெட்டு முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கிற இடம் வந்ததும் சொல்லு" என்று குகையை ஓடவிட்டீர்கள். நான் "இங்கே" என்றேன். இல்லை. மறுபடி "இங்கே". அதுவும் இல்லை. மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டீர்கள். அப்புறம் காடு வரும் கட்டத்துக்கு நான் போட்ட மெட்டை ஓடவிட்டீர்கள். சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. முடிகிற இடத்தில் டக்கென்று ஒரு வெட்டு, அதன் பின்னால் கண் சிமிட்டும் நேரம் மௌனம். யாரோ கதவைச் சாத்தித் திறந்தது போல.

திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பொறுமையாகப் பிரித்துக் காட்டினீர்கள். மௌனத்துக்குக் காரணம் எம்பி3. அது ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுத்த புள்ளிகள்) கொண்ட துண்டுகளாகத்தான் கட்டும், நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் ஒரு துண்டு 26 மில்லி செகண்ட். முன்னாலும் பின்னாலும் வெற்று ஒலியை வைத்துத்தான் துண்டுகளை நிரப்பும். ஆக் வோர்பிஸ் என்ற இன்னொரு ஒலிக்கோப்பு வகையில் கொடுத்தால் நீளம் மாதிரிக் கணக்கில் அப்படியே நிற்கும், இடைவெளி வராது. வெட்டுக்குக் காரணம் வேறு: கடைசித் தாளத்தட்டின் எதிரொலி அடங்குவதற்குள் கோப்பு முடிந்துவிடுகிறது. "ரெண்டு தடவை ஓடவிட்டுப் பதிவு பண்ணு. முதல் சுத்தைத் தூக்கிப் போடு. ரெண்டாவது சுத்தோட ஆரம்பத்துல முதல் சுத்தோட வால் ஏற்கெனவே ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, அதை வெச்சுக்கோ." இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு அதுவரை ஆள் இல்லை.

அதோடு விடவில்லை. என் மெட்டில் 34 ட்ராக் இருப்பதைப் பார்த்துவிட்டு, நிண்டெண்டோவின் பழைய என்இஎஸ் வீடியோ கேம் பெட்டியில் மொத்தமே ஐந்து ஒலித்தடம்தான், அதில் ஒன்று வெறும் இரைச்சல், அதை வைத்துத்தான் 1985-இல் மாரியோவுக்கு இசை போட்டார்கள் என்றீர்கள். பிறகு அந்தக் கணக்கு: குகை மெட்டு ஒரு நிமிடம் 32 நொடி. வழி தெரியாமல் ஒருவன் உள்ளே 40 நிமிடம் சுற்றினால் 26 தடவை கேட்பான். "முணுமுணுக்கத் தோணுற மெட்டு குகைக்கு ஆகாது. ஆறாவது தடவையே எரிச்சல் வந்துடும்." விடிகாலை நாலு மணிக்கு என் காட்டை மறுபடி அனுப்பினேன். நீங்கள் கேட்டுவிட்டு "ம்ம்" என்றீர்கள். அந்த "ம்ம்"முக்கு இணையாக எனக்கு இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவு கொடுத்தவர், குகையின் ஸ்டெம்களை, அதாவது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் கோப்புகளை, ஏன் கொடுக்கவில்லை? இதை நான் கேட்டே ஆகவேண்டும். பொதுத் திட்டம் என்றால் மூலக் கோப்பும் பொதுதான் என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தானே. எங்கள் கையில் இருந்தது ஒரே ஓர் ஆக் கோப்பு. எதிரி வரும்போது அதே மெட்டின் மேல் முரசும் தாழ்சுரமும் மெல்ல ஏறவேண்டும், எதிரி போனதும் இறங்கவேண்டும் என்று குழு முடிவு செய்தது. குழலும் தந்தியும் ஒன்றாகக் கலந்த கோப்பை வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிரிப்பது? இரண்டு முறை கேட்டேன். "பார்க்கிறேன்" என்றீர்கள். பார்க்கவில்லை. காதால் கேட்டுக் கேட்டு, சுரம் சுரமாக நானே மறுபடி கட்டினேன். ஐந்து வாரம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நான் நல்லவன். ஆனால் கட்டும்போது உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மறுப்பீர்கள் என்பதால் சொல்லவில்லை. கிரெடிட்ஸில் "இசை" என்று என் பெயரை மேலே போட்டு, "மூல மெட்டு" என்று உங்கள் பெயரைக் கீழே போட்டேன். நான் கட்டியதை நீங்கள் எடுத்துவிடச் சொன்னபோது, படைப்பைப் பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, நீங்கள் கொடுத்த உரிமத்தில் மாற்றி அமைக்கவும் அனுமதி உண்டு என்று பதில் தட்டியது நான்தான். குழுவின் பெயரில் போனாலும் விரல் என்னுடையது. சட்டப்படி அதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதே உரிமத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. படைத்தவர் கேட்டால் அவர் பெயரை நீக்கவேண்டும். எனக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. நீக்கினேன். அதன்பிறகு குகைக்கு என் பெயர் மட்டும்தான். ஆரம்பத்திலிருந்தே மனதின் ஒரு மூலையில் நான் ஆசைப்பட்டது அதுதானே, அக்கா? அதை என் கையாலேயே செய்யவைத்துவிட்டுப் போனீர்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம். பல நாள் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம்.

இப்போது எதிரி வந்தாலும் குகையில் இசை மாறுவதில்லை. சோதித்துப் பார்த்த ஒரு பையன், பயமே வரவில்லை என்று புகார் எழுதியிருக்கிறான். இருக்கட்டும் என்று பதில் போட்டேன். கிரெடிட்ஸில் குகைக்கு நேரே எதுவும் இல்லை. நீக்கச் சொன்னது நீங்கள் என்பதால் நானாகப் போட முடியாது. போடவா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. கோப்பை வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குழல் இரண்டாவது முறை மூச்சு வாங்குகிறதே, அங்கேதான் திரும்புகிறது. கேட்டுவிட்டது. மறுபடி ஓடவிட்டுச் சரிபார்த்தேன், அதேதான். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

உங்கள் தம்பி