பல் நீண்டதால் அழியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த வாள்பல் பூனை கட்டுரையை வீட்டில் எல்லாரும் படித்தோம், படங்கள் அருமை. ஆனால் கோரைப்பற்கள் அளவுமீறி வளர்ந்து, வாயைத் திறந்து தின்ன முடியாமல்தான் அந்த விலங்கு அழிந்தது என்று ஒரு வரி வருகிறதே, அது பழைய கதை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் அது அப்படியே நிற்கக் கூடாது.

ஸ்மைலோடான் என்ற வாள்பல் பூனை இனம் அமெரிக்கக் கண்டங்களில் 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. தின்னவே முடியாத விலங்கு அவ்வளவு காலம் தாங்குமா? அதன் வாய் இன்றைய சிங்கத்தைவிட மிக அகலமாகத் திறந்தது. கடிக்கும் வலு சிங்கத்தைவிடக் குறைவுதான், சரி, ஆனால் முன்னங்கால்கள் தூண் மாதிரி. இரையை அவற்றால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது திமிறாத நிலையில்தான் தொண்டையில் பல்லை இறக்கியது என்பதே இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. அந்தப் பல்லும் உருண்டையானது அல்ல, பக்கவாட்டில் தட்டையானது, ஓரத்தில் நுண்ணிய ரம்பப்பற்கள் உண்டு. குட்டிக்குப் புதுப்பல் முளைக்கும்போது பால்பல் உடனே விழுந்துவிடாமல் பல மாதங்கள் பக்கத்திலேயே நின்று அதற்கு முட்டுக் கொடுத்தது. இவ்வளவு பக்குவமாக அமைந்ததைப் போய்க் கோளாறு என்று எழுதலாமா?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கும் லா பிரேயா தார்க்குழிகளில் 2,000-க்கும் மேற்பட்ட ஸ்மைலோடான்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் பற்தேய்மானத்தை ஆராய்ந்து 2012-இல் வந்த ஆய்வில், கடைசிக் காலத்தில் இவை பசியில் எலும்பைக் கடித்து வாழ்ந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அப்புறம் 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்தப் பகுதியில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சியும் வெப்பமும் கூடி, மனிதர் மூட்டிய தீயும் சேர்ந்து காட்டுத்தீ பெருகிய காலத்தில்தான் குதிரை, ஒட்டகம், காட்டெருமை, தரைவாழ் ஸ்லாத் என்ற பெரிய தாவர உண்ணி எல்லாவற்றோடும் சேர்ந்து இதுவும் மறைந்தது என்கிறது. இரையும் காடும் போனபின் எந்தப் பல் இருந்து என்ன பயன்!

இன்னொன்று. சைபீரியாவின் யாகூட்டியாவில், உறைந்த மண்ணுக்குள்ளிருந்து 2020-இல் ஹோமோதீரியம் என்ற வாள்பல் பூனையின் குட்டி ஒன்று கிடைத்தது. இறந்தபோது பிறந்து மூன்று வாரம்தான் இருக்கும், இறந்தோ 35,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கரும்பழுப்பு மயிர், மீசை, சின்னக் காது, பருத்த கழுத்து, அகன்ற பாதம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எலும்பை மட்டும் வைத்து ஊகித்து வந்ததற்கு முதல்முறையாகத் தோலும் முகமும் கிடைத்திருக்கிறது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், இந்தக் குட்டியைப் பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
நீண்ட நாள் வாசகர், கும்பகோணம்